மேசைக்கு அடியில் நகரசபை

ஓமாரிகி நகரில் நிலநடுக்கம் நாற்பத்தோரு விநாடி நீடித்தது. அதைப் பற்றிய பதிவு பதினோராவது மாதமாக நீடித்துக்கொண்டிருந்தது.

ஏழு கட்டடங்கள் சரிந்திருந்தன. ஒன்பது பேர் இறந்திருந்தார்கள். தண்ணீர்க் குழாய்களில் பாதி உடைந்து கிடந்தன. எதை முதலில் கவனிப்பது என்று நகரசபை ஒரு முழுநாள் கூடி யோசித்தது. மக்களின் நடத்தையை என்று முடிவாயிற்று. மூன்றே வாரத்தில் நடத்தைப் பதிவு அலுவலகம் திறந்தார்கள். நகரசபைக்கு அவ்வளவு வேகம் வரும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

அலுவலகம் இயங்கியது ரக்பி மன்றக் கூடத்தில். நகரசபையின் சொந்த அலுவலகம் சரிந்த ஏழில் ஒன்று.

ஒவ்வொரு குடிமகனும் அங்கே போய்ப் படிவம் நிரப்ப வேண்டும். வியாழக்கிழமை காலை பத்து நாற்பத்திரண்டுக்கு எங்கே இருந்தீர்கள்? எப்படி நடந்துகொண்டீர்கள்? நிலநடுக்கம் வந்தால் குனி, மேசைக்கு அடியில் மறை, எதையாவது பிடி என்று பள்ளிக்கூடத்திலிருந்தே சொல்லிக்கொடுக்கிறார்கள். மூன்றையும் செய்தவருக்கு முதல் தரம். இரண்டு செய்தவருக்கு இரண்டாம் தரம். ஒன்று மட்டும் செய்தவருக்கு மூன்றாம் தரம். ஓடியவருக்கும் சும்மா நின்றவருக்கும் நான்காம் தரம்.

கூடத்துக்கென்று ஒரு வழக்கம் ஏற்பட்டிருந்தது. எந்த அமர்வானாலும் தொடங்கும்போதும் முடியும்போதும் மணி அடிக்கும். எல்லோரும் மேசைக்கு அடியில் போய்விட வேண்டும். கடைசி ஆளும் உள்ளே போன பிறகுதான் இரண்டாவது மணி. அதுவரை யாரும் வெளியே தலைகாட்டக் கூடாது. முதல் வாரத்தில் ஒரு கிழவர் மேசைமேல் இருந்த தேநீரை முடித்துவிட்டு வருகிறேன் என்று உட்கார்ந்திருந்ததால், இந்த விதியை மேயரே தன் கைப்பட எழுதினார். மீறினால் பதிவு செல்லாது.

ரெவி அந்தக் கூடத்துப் பக்கமே போகவில்லை. அவன் பால் டேங்கர் ஓட்டுகிறவன். விடியுமுன் கிளம்பினால் மாலையில்தான் வருவான். வந்தால் கதவைச் சாத்திக்கொள்வான். அவனுடைய மனைவி ஹூயா இறந்துபோன ஒன்பது பேரில் ஒருத்தி.

நகரசபையிலிருந்து அவனுக்கு மூன்று கடிதங்கள் வந்தன. முதலாவது அனுதாபம். இரண்டாவது, நகரசபை உடைமையான பசைத் தூரிகை ஒன்று ஹூயாவின் பொருட்களோடு அவன் வசம் வந்திருப்பதாகவும் உடனே திருப்பித் தர வேண்டும் என்றும் சொன்னது. இரண்டையும் இழுப்பறையில் போட்டான். மூன்றாவதை நின்றபடியே இரண்டு தடவை படித்தான்.

'தங்கள் மனைவியின் நடத்தை பரிசீலிக்கப்பட்டு நான்காம் தரம் வழங்கப்பட்டுள்ளது. ஆண்டு நிறைவன்று திறக்கப்படவுள்ள நினைவுக் கல்லில் அவர் பெயருடன் பின்வரும் வரி பொறிக்கப்படும்: ஹூயா தே அவா. கட்டடத்தின் அருகே நின்றார். தஞ்சம் புகவில்லை. ஆட்சேபம் இருப்பின் முப்பது நாட்களுக்குள் தெரிவிக்கவும்.'

மறுநாள் விடுப்புப் போட்டுவிட்டு ரக்பி கூடத்துக்குப் போனான்.

மணி அடித்தது. மேசைக்கு அடியில் போனான். மணி அடித்தது. வெளியே வந்தான். எதிரே பதிவாளர் பிலிப்பா முட்டியைத் தட்டிக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"வாங்க ரெவி. உங்க படிவமே இன்னும் வரல. முதல்ல அதை முடிச்சிடுவோம். பத்து நாற்பத்திரண்டுக்கு எங்க இருந்தீங்க?"

"டேங்கர்ல. மலைப்பாதையில."

"எப்படி உணர்ந்தீங்க?"

"உணரல."

"அதிர்ச்சியிலயா?"

"இல்ல. வண்டி எப்பவும் ஆடும். அன்னிக்கும் ஆடுச்சு."

பிலிப்பா படிவத்தில் தேடினாள். "லேசா உணர்ந்தேன், நல்லா உணர்ந்தேன், நிக்க முடியல. மூணு கட்டம்தான் இருக்கு."

"நாலாவதா ஒண்ணு போட்டுக்குங்க."

"அச்சாயிடுச்சே. இருபதாயிரம் பிரதி."

நிலநடுக்கத்தை உணராதவரின் ஆட்சேபத்தை ஏற்க விதியில் இடமில்லை. அதற்காக ஒரு பயிற்சி வைத்திருந்தார்கள். கூடத்தின் சமையலறையில் இரண்டு வாஷிங் மெஷின்களின் மேல் ஒரு பலகையைக் கட்டி, அதன்மேல் ஒரு நாற்காலியையும் ஒரு சின்ன மேசையையும் ஆணியடித்திருந்தார்கள். ரெவியை உட்காரவைத்து இரண்டு மெஷினையும் ஓடவிட்டாள் பிலிப்பா.

"இப்ப?"

"துணி துவைக்குது."

வேகத்தைக் கூட்டினாள். "இப்ப?"

"பிழியுது."

மூன்றாம் முறை ஒரு மெஷினின் கதவு திறந்து தண்ணீர் கொட்டியது. பிலிப்பா இரண்டடி குதித்து ஓடினாள். ரெவி உட்கார்ந்தே இருந்தான். பதறவில்லை என்பதால் தேர்ச்சி. நிலநடுக்கத்தை உணரத் தகுதி பெற்றவர் என்று ஒரு சான்றிதழ் கொடுத்தாள். அதை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, அவன் போனை எடுத்து மேசைமேல் வைத்தான்.

ஹூயா நகரசபையின் அறிவிப்புப் பிரிவில் இருந்தாள். நாய் உரிமம், தண்ணீர்க் கட்டுப்பாடு, சாலை மூடல், எதுவானாலும் ஊரெங்கும் ஒட்டுவது அவள் வேலை. அந்த வியாழக்கிழமை அவளிடம் கொடுத்தது பன்னிரண்டு மஞ்சள் தாள்கள். இந்தக் கட்டடம் நிலநடுக்கத்தில் ஆபத்தானது, பதினைந்து ஆண்டுகளுக்குள் பலப்படுத்தப்படும், முகப்பின் அருகே நிற்காதீர்கள் என்று அதில் இருந்தது. வாசல் கதவில், கண் உயரத்தில் ஒட்ட வேண்டும் என்பது சட்டம். பதினோராவது தாள் பழைய தபால் நிலையத்துக்கு. அது இப்போது நகரசபையின் கட்டடம்.

ஒட்டி முடித்துப் படம் பிடித்து அவனுக்கு அனுப்பியிருந்தாள். கீழே ஒரு வரி: 'நேரா இருக்கா?' நேரம் பத்து நாற்பது. வீட்டில் எந்தப் படமும் ஒரு நூல் சாய்ந்திருந்தாலும் தாங்கமாட்டாள். அதற்காகவே அவன் வேண்டுமென்றே சாய்த்துவைப்பான். பத்து ஐம்பத்தைந்துக்கு ஒரு பண்ணையில் வண்டியை நிறுத்தியபோதுதான் பார்த்தான். பதில் எழுதினான்: 'இடப்பக்கம் சாய்ஞ்சிருக்கு.' அதன் பிறகு பண்ணைக்காரர் ஓடிவந்து விஷயத்தைச் சொன்னார்.

"அவ வேலையில இருந்தா. நீங்க அனுப்பின எடத்துல நின்னா. இதுதான் சாட்சி," என்றான்.

பிலிப்பா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். பிலிப்பா நல்ல பெண்தான். கண் கலங்கியது. ஆனாலும் பேனாவைத் திறந்தாள்.

"பத்து நாற்பதுக்குப் படம் எடுத்திருக்காங்க. அப்போ ரெண்டு நிமிஷம் இருந்திருக்கு."

"எதுக்கு?"

"தஞ்சம் புக."

"பத்து நாற்பதுக்கு நிலநடுக்கமே வரலியே."

"அதத்தான் சொல்றேன். போதுமான நேரம்." அவள் தாளின் வாசகத்தை விரலால் தொட்டுக் காட்டினாள். "இங்க பாருங்க. முகப்பு பக்கத்துல நிக்காதீங்கன்னு போட்டிருக்கு. படிச்சிருக்கணும்ல?"

"ஒட்டினதே அவதான்."

"அப்ப நிச்சயமா படிச்சிருக்காங்க. தெரிஞ்சே நின்னிருக்காங்க. அதனாலதான் ரெவி, மூணாம் தரம்கூடக் குடுக்க முடியல."

"தள்ளி நின்னு எப்படிங்க ஒட்டுறது?"

பிலிப்பா அதைக் கவனமாக எழுதிக்கொண்டாள். "நல்ல கேள்வி. பணிப் பாதுகாப்புப் பிரிவுக்கு அனுப்பிடுறேன்."

"அது எங்க இருக்கு?"

"அந்தத் தபால் நிலையத்து மாடியிலதான் இருந்துச்சு. இப்ப எங்கன்னு தெரியல."

பிறகு பதினான்காம் விதியைக் காட்டினாள். இறந்தவரின் தரத்தை மாற்ற, அதே நேரத்தில் அதே இடத்தில் இருந்த இன்னொருவரின் கையெழுத்திட்ட படிவம் வேண்டும். அந்த நேரத்தில் தெருவில் ஹூயாவைத் தவிர யாரும் இல்லை.

அங்கிருந்து டோட்டி ஆன்ட்டியின் கடைக்குப் போனான். ஹூயாவின் அத்தை அவள். மீன் வறுவல் கடை. அடுப்புக்கு மேலே, எண்ணெய் தெறித்த கண்ணாடிச் சட்டத்துக்குள் அவளுடைய முதல் தரச் சான்றிதழ் தொங்கிக்கொண்டிருந்தது.

"கவுன்ட்டருக்கு அடியில வினிகர் பாட்டில் தேடிக்கிட்டிருந்தேன் மாப்ளே," என்றாள். "குனிஞ்சிருந்தேனா? இருந்தேன். மறைஞ்சிருந்தேனா? அதுவும். பாட்டில பிடிச்சிட்டிருந்தேனா? அதுவும். முதல் தரம்னுட்டாங்க. பாட்டில் ஒடஞ்சதை எழுத எடம் இல்லியாம்."

"கோர்டி என்ன தரம்?"

கோர்டி என்பது மேயர் கோர்டன் பிளைட். டோட்டி ஆன்ட்டி மீனைத் திருப்பிப் போட்டாள்.

"அவனா? வண்டி நிறுத்துற எடத்துல சாக்ஸோட நின்னத ஊரே பாத்துச்சு. செருப்புகூட மாட்டல. கேட்டா, தலைவன்னா ஜனங்களுக்கு முன்னாடி போகணும்னு சொல்றான். அதுக்குன்னே தலைமைத் தரம்னு ஒண்ணு புதுசா அச்சடிச்சிருக்கான். அவன் நாய்க்கு முதல் தரம், தெரியுமா?"

"நாய்க்கா?"

"பிஸ்கட்டுக்கு. கட்டிலுக்கு அடியில படுத்திருந்துச்சாம். எழுதத் தெரியாதவங்களுக்கு உடைமைக்காரங்க கையெழுத்துப் போடலாம்னு விதி போட்டு, அவனே போட்டுக்கிட்டான். படத்தோட பேப்பர்லகூட வந்துச்சே."

ரெவி சாப்பிட்டுக்கொண்டிருந்த உருளைக்கிழங்கு வறுவலைக் கீழே வைத்தான்.

"ஆன்ட்டி, அந்த நேரத்துல அந்த எடத்துல இன்னொருத்தர் இருந்தாங்க."

"யாரு?"

"சுவரு."

டோட்டி ஆன்ட்டி அவனையே பார்த்தாள். பதினோரு மாதத்தில் அவன் இவ்வளவு நீளமாகப் பேசியது இன்றைக்குத்தான். சிரித்தால் நிறுத்திவிடுவானோ என்று சிரிக்காமல், கல்லாவுக்குப் பக்கத்தில் இருந்த படிவக் கட்டிலிருந்து ஒன்றை உருவி, எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு அவனிடம் நீட்டினாள்.

அடுத்த சனிக்கிழமை காலை பொது அமர்வு. பிலிப்பா அவனுடைய படிவத்தை வாங்கிப் பார்த்தாள். எல்லாக் கட்டங்களும் நிரம்பியிருந்தன. அவள் அலுவலகத்தில் எல்லாக் கட்டமும் நிரம்பிய படிவத்தைத் திருப்பியனுப்ப முடியாது.

"இது ஆளில்லையே ரெவி."

"பிஸ்கட்?"

பிலிப்பா ஒரு கணம் அவன் முகத்தைப் பார்த்தாள். முத்திரையை எடுத்து ஓங்கிக் குத்தினாள்.

கூடத்தில் இருநூறு பேர் இருந்தார்கள். முதல் மணி, மேசைக்கு அடி, இரண்டாவது மணி. மேயர் எழுந்தார்.

"நண்பர்களே," என்றார். "சில பேர் குழாய் எப்ப வரும்னு கேக்குறாங்க. குழாய் நாளைக்கும் வரும். ஆனா நடத்தை? கட்டடம் விழறது இயற்கை. அத நாம தடுக்க முடியாது. நூறு வருஷம் நின்ன கட்டடம் விழுந்தா அது கட்டடத்தோட தப்பில்ல, நகரசபையோட தப்பும் இல்ல. அதுக்குக் கீழ யார் நின்னாங்கங்கறதுதான் கேள்வி. பதினெட்டு வருஷமா நாங்க ஒவ்வொரு அறிக்கையையும் பத்திரமா வச்சிருக்கோம். ஒண்ணுகூடத் தொலைக்கல. வேற எந்த நகரசபை இப்படிச் சொல்ல முடியும்?"

முன்வரிசையில் நகரசபை உறுப்பினர்கள் கைதட்டினார்கள்.

அன்றைய ஆட்சேபம் ஒன்றே ஒன்று. பிலிப்பா எழுந்து, விதிப்படி, ஏற்ற இறக்கம் இல்லாத குரலில் படித்தாள்.

"பெயர்: முகப்புச் சுவர், பழைய தபால் நிலையம். வயது: நூற்றுப் பன்னிரண்டு. பத்து நாற்பத்திரண்டுக்கு எங்கே இருந்தீர்கள்: வாசலுக்கு மேலே. வேறெங்கும் போனதில்லை. உடன் யாராவது இருந்தார்களா: கீழே ஒரு பெண் இருந்தாள். என்னைப் பற்றிய அறிவிப்பை அப்போதுதான் ஒட்டியிருந்தாள். முன்னெச்சரிக்கை கிடைத்ததா: பதினெட்டு ஆண்டுகளுக்கு முன். பொறியாளர் ஒருவர் ஏணி வைத்து ஏறித் தட்டிப் பார்த்தார். நான் விழுவேன் என்று எழுதிக்கொடுத்தார்."

கூடத்தில் யாரோ இருமினார். பிலிப்பா தாளைத் திருப்பினாள்.

"குனிந்தீர்களா: ஆம். மறைந்தீர்களா: இல்லை. எல்லோரும் பார்த்தார்கள். எதையாவது பிடித்துக்கொண்டீர்களா: இல்லை. பிடித்துக்கொள்ள இரும்புக் கம்பிகள் வேண்டும் என்று அந்த அறிக்கையிலேயே இருந்தது. தரப்படவில்லை. உங்கள் நடத்தையில் இப்போது எதை மாற்றிக்கொள்வீர்கள்: நான் செங்கல். அந்தப் பெண்ணைக் கீழே அனுப்பியவர்களைக் கேட்கவும். கையெழுத்து: எழுதத் தெரியாது. உடைமைக்காரர் இட வேண்டும். உடைமைக்காரர்: ஓமாரிகி நகரசபை."

அவள் உட்கார்ந்தாள். கூரைமேல் ஒரு கடற்பறவை நடக்கும் சத்தம் கேட்டது.

மேயர் சிரிக்கப் பார்த்தார். "சுவர் பேசாது, ரெவி."

"உன் நாய் பேசுச்சா கோர்டி?" என்று பின்வரிசையிலிருந்து டோட்டி ஆன்ட்டி கேட்டாள்.

"இது துக்கத்துல செய்யறது. புரிஞ்சுக்குறேன். வருத்தப்படுறேன். அமர்வு முடிஞ்சுது. பிலிப்பா, மணி."

பிலிப்பா மணியடித்தாள். மேயரும் உறுப்பினர்கள் எட்டுப் பேரும் பழக்கத்தில் சட்டென்று மேசைக்கு அடியில் போனார்கள். பிலிப்பாவும் மணியோடு போனாள்.

ரெவி நின்றுகொண்டிருந்தான்.

டோட்டி ஆன்ட்டி பாதி குனிந்தவள், அவனைப் பார்த்ததும் நிமிர்ந்தாள். அவளுக்குப் பக்கத்தில் முடிதிருத்துகிறவர் நிமிர்ந்தார். அவருக்குப் பின்னால் பள்ளித் தலைமையாசிரியை. அப்புறம் வரிசை வரிசையாக நாற்காலிகள் கிறீச்சிட்டன. இருநூறு பேரும் நின்றார்கள்.

மேசைக்கு அடியில் இரண்டு நிமிஷம் கழிந்தது.

"ரெண்டாவது மணி?" என்றது மேயரின் குரல்.

"கடைசி ஆளும் உள்ள வரணுமே சார்," என்றது பிலிப்பாவின் குரல். "யாருமே வரல."

"பரவால்ல, அடி."

"அடிச்சா பதிவு செல்லாதுன்னு நீங்கதான் எழுதினீங்க. இன்னிக்குப் பதிவு மட்டுமில்ல சார், உங்க தலைமைத் தரமும் இன்னிக்குத்தான் உறுதியாகுது."

"அப்ப விதிய மாத்து."

"மாத்த அமர்வு கூட்டணும். ஒரு அமர்வு முடியாம அடுத்தத கூட்ட முடியாது."

"அப்ப முடி."

"முடிக்கத்தான் சார் மணி."

யாரோ தேநீர்ப் பாத்திரத்தின் குழாயைத் திறந்தார்கள். கோப்பைகள் கைமாறின. தட்டில் இறைச்சிச் சுருள்கள் சூடாக இருந்தன. மக்கள் நின்றபடியே சாப்பிட்டார்கள். முடிதிருத்துகிறவர் நிலநடுக்கத்தன்று பாதி முடி வெட்டிய தலையோடு தெருவில் ஓடிய வாடிக்கையாளரைப் பற்றிச் சொன்னார். அந்த வாடிக்கையாளரே பக்கத்தில் நின்று, மீதிப் பாதியை இவர் இன்னும் வெட்டித்தரவில்லை என்றார். பதினோரு மாதத்தில் முதல்முறையாக அந்தக் கூடத்தில் யாரும் தரம் கேட்காமல் கதை பேசினார்கள்.

ரெவி தேநீர் குடிக்கவில்லை. படிவத்தையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு முன்மேசைக்குப் போனான். மேசை விரிப்பைத் தூக்கி, தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தான். உள்ளே மேயர் முழங்கால்களைக் கட்டிக்கொண்டு இருந்தார். அவர் முகத்துக்கு நேரே ஓர் உறுப்பினரின் காலணி.

"எவ்வளவு நேரம் இப்படியே நிப்பீங்க?" என்றார் மேயர்.

"எனக்கு இன்னிக்கு லீவு."

"கையெழுத்துப் போட்டா என்ன ஆகும் தெரியுமா? சுவர் எங்களோடதுன்னு ஆகும். அறிக்கை எங்ககிட்ட இருந்துச்சுன்னு ஆகும். அவங்கள நாங்கதான் அனுப்பினோம்னு ஆகும்."

"ஆமா."

"அது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே. எழுதணுமா?"

"அவளப் பத்தி நீங்க கல்லுல எழுதறீங்களே."

மேயர் முழங்காலைத் தடவிக்கொண்டார். அவருக்கு முழங்கால் ஆபரேஷன் ஆனது. ஊருக்கே தெரியும். நாற்பது நிமிஷம் போயிற்று. கடைசியில் விரிப்புக்கு அடியிலிருந்து ஒரு கை வெளியே வந்தது. விரல்கள் விரிந்து காத்திருந்தன. ரெவி அதில் பேனாவை வைத்தான்.

கையெழுத்து கோணலாக விழுந்தது. குனிந்த நிலையில் வேறெப்படி விழும்?

பிலிப்பா ஊர்ந்து வந்து படிவத்தை வாங்கினாள். தரையில் வைத்தே ஹூயாவின் பதிவைத் திறந்து நான்காம் தரத்தை அடித்தாள். வேறெந்தத் தரமும் எழுதவில்லை.

"கல்லுக்கு என்ன வரி?" என்றாள் மெதுவாக.

"ஹூயா தே அவா. நகரசபை அனுப்பிய இடத்தில் வேலை செய்துகொண்டிருந்தாள். நகரசபையின் சுவர் விழுந்தது."

"நகரசபைன்னு ரெண்டு தடவ வருதே."

"வரட்டும்."

அவள் எழுதிக்கொண்டு, படிவத்தின் ஒரு நகலை அவனிடம் கொடுத்தாள்.

"இப்பவாவது அடியில வாங்கப்பா," என்று யாரோ ஒரு உறுப்பினர் மேசைக்கு அடியிலிருந்து கெஞ்சினார். "மணி அடிக்கணும்."

"நாங்க வெளிய போறோம்," என்றாள் டோட்டி ஆன்ட்டி. "கூடத்துல ஆளே இல்லன்னா நீங்கதான் கடைசி ஆளு. அப்புறம் அடிச்சுக்குங்க."

கதவைத் திறந்தார்கள். ஒவ்வொருவராக, கோப்பைகளைக் கழுவுத்தொட்டியில் வைத்துவிட்டு வெளியேறினார்கள். ரெவி தெருமுனை திரும்பியபோது பின்னால் இரண்டாவது மணி கேட்டது.

பழைய தபால் நிலையத்தைச் சுற்றி இன்னும் கம்பிவேலி இருந்தது. நுழையாதீர்கள் என்று ஒரு பலகை. டோட்டி ஆன்ட்டி வேலியின் கொக்கியைக் கழற்றிப் பிடித்துக்கொண்டாள். முகப்பின் மேல்பாதி போய்விட்டிருந்தது. மேலேயிருந்து விழ இனி எதுவும் இல்லை. கீழே வாசல் கதவு மட்டும் அப்படியே நின்றது. அதில் ஹூயாவின் மஞ்சள் தாள், பதினோரு மாத வெயிலில் வெளுத்து, ஒரு மூலைகூடப் பிரியாமல் இருந்தது.

ரெவி பையிலிருந்து நகரசபை உடைமையான தூரிகையை எடுத்தான். பசை தடவினான். மஞ்சள் தாளுக்குப் பக்கத்தில், அதே உயரத்தில், சுவரின் படிவத்தை வைத்து உள்ளங்கையால் நீவினான். பிறகு பின்னோக்கி நடந்து வேலிவரை வந்து நின்றான்.

"நேரா இருக்கா ஆன்ட்டி?"

டோட்டி ஆன்ட்டி ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள். "நீ ஒட்டினது கொஞ்சம் வலப்பக்கம் சாய்ஞ்சிருக்கு மாப்ளே."

"அவ ஒட்டினது?"

"அதுக்கென்ன. நேரா இருக்கு."

"ஆமா," என்றான் ரெவி. "நேராத்தான் இருக்கு."

தூரிகையைத் துடைத்துப் பைக்குள் வைத்துக்கொண்டான். திருப்பித் தரும் எண்ணம் அவனுக்கு இல்லை.